எனக்கு மெஷின் கற்றுக்கொடுத்த அக்காவுக்கு நான் சூப்பர்வைசர் ஆனபோது

எனக்குப் பேரணாம்பட்டு. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருஷமாக வேலை. முதல் 8 வருஷம் மெஷினில் உட்கார்ந்து மேல்பாகம் தைத்தேன். அப்புறம் அதே லைனுக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கூட உட்கார்ந்து வேலை பார்த்தவர்களிடமே வேலை வாங்குவது எப்படி என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் லைனில் 32 பேர், எல்லாரும் பெண்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, மாதனூர் பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். அதில் ஒரு அக்கா. நான் சேர்ந்த முதல் நாள் கை நடுங்க மெஷின் முன்னால் உட்கார்ந்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்து, "தோலை இழுக்காத கண்ணு, அதுவா வரும். நீ வழி மட்டும் காட்டு" என்று சொல்லிக்கொடுத்தவர். மதியம் அவர் டப்பாவிலிருந்து முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு என் தட்டுக்கு வராமல் இருக்காது.

நான் சூப்பர்வைசர் ஆன மறுநாள் அவர் என்னை "மேடம்" என்றார். கேலியாக இல்லை. முகத்தைப் பார்க்காமல் சொன்னார். டப்பாவையும் வேறு பெஞ்சுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். ஆகவில்லை. அவர் மெஷினில் வேலை தேங்க ஆரம்பித்தது. லைனில் ஒருவரிடம் தேங்கினால் அவருக்கு அடுத்து இருக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மணிக்கு எத்தனை ஜோடி என்று போர்டில் எழுதுவோம். குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். "உன் ஆளுங்ககிட்ட உன்னால வேலை வாங்க முடியலன்னா சொல்லிடும்மா, வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார் மேனேஜர். அக்கா வேண்டுமென்றே செய்கிறார், நான் மேலே வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று மனதில் முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, ஷிப்மென்ட் நெருக்கடி. அவர் தைத்த கறுப்பு மேல்பாகங்களில் தையல் விளிம்பை விட்டு ஓடியிருந்தது. துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. மறுபடி தைத்தால் ஓட்டைக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்து அந்த இடமே கிழியும். ஆறு ஜோடியைக் கையில் தூக்கிப் பிடித்து, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இஷ்டம் இல்லன்னா வீட்ல இரு, எங்க பொழப்பைக் கெடுக்காத" என்று கத்திவிட்டேன். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அக்கா ஒன்றும் பேசவில்லை. கத்தரியை எடுத்து நூலை வெட்டினார், மெஷினை அணைத்தார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை அவருக்கு மெமோ கொடுக்கச் சொன்னார் மேனேஜர். எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவர் வரிசைக்குப் பின்னால் ஓரமாக நின்றேன். நூல் அறுந்தது. முனையை நாக்கில் நனைத்து ஊசிக்குக் கொண்டுபோனார். தலையைப் பின்னால் இழுத்தார், இன்னும் கொஞ்சம் இழுத்தார். மூன்று தடவை தவறியது. பக்கத்து மெஷின் பெண் ஒன்றும் கேட்காமல் எட்டிக் கோத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். தினமும் நடக்கிறது போல.

வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதான். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் எப்படித் தெரியும்? இத்தனை மாதம் நான் போர்டைப் பார்த்தேனே தவிர, அக்காவைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் கேட்டேன். "ஏங்க்கா கண்ணாடி போடல?"

"போட்டா வயசாயிடுச்சுன்னு டேபிளுக்கு மாத்திடுவீங்க மேடம். இன்சென்டிவ் போயிடும். பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது."

டேபிள் என்றால் பசை தடவுவது, நூல் முனை கத்தரிப்பது. நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்று டப்பாவைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரிதான் உறைத்தது. லைனே கேட்கப் பேசிவிட்டுக் குழாயடியில் தனியாக மன்னிப்புக் கேட்டால் எப்படி? அவரைத் தலைகுனிய வைத்த இடத்தில்தான் நான் தலைகுனிய வேண்டும்.

மறுநாள் மெஷின் போடுவதற்கு முன் எல்லார் எதிரிலும் சொன்னேன். "சனிக்கிழமை அக்காவை நான் பேசினது தப்பு. வேலையில குறை இருந்தா பக்கத்துல போய்ச் சொல்லியிருக்கணும். விசாரிக்காம கத்திட்டேன். மன்னிச்சிடுக்கா." கண் விஷயத்தை நான் எடுக்கவில்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. குரல் நடுங்கியது. இனி யார் என்னை மதிப்பார்கள் என்ற பயமும் இருந்தது. அன்று சாயங்காலமே இரண்டு பெண்கள், பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்திருந்த தப்புத் தையல்களைத் தாங்களாகவே எடுத்துவந்து காட்டினார்கள்.

மேனேஜரிடம் பாவம், கஷ்டம் என்று பேசினால் எடுபடாது. அக்காவிடம் கேட்டுக்கொண்டு, கறுப்பு ஆர்டரில் அவருக்கு எத்தனை ரீவொர்க், பழுப்பு ஆர்டரில் எத்தனை என்று ஒரு வாரம் நோட்டில் குறித்தேன். பழுப்பில் அநேகமாக இல்லவே இல்லை. நோட்டை மேனேஜர் மேஜையில் வைத்து, "மெஷினுக்கு ஒரு லைட்டு, அக்காவுக்குக் கண்ணாடி, ரெண்டு வாரம் டைம். இவ்வளவுதான் சார் கேக்கறேன். அப்பவும் சரிவரலன்னா மெமோவை நானே எழுதறேன்" என்றேன். எழுத வேண்டி வரவில்லை. லைன் முழுக்கக் கண் பரிசோதனை வைத்ததில் 9 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

*

இதைப் படித்துவிட்டு மேல்விஷாரத்திலிருந்து ஒருவர் எழுதியது:

தங்கச்சி, உனக்குக் கீழே இருக்கிறவரோடு பிரச்சினை. எனக்கு மேலே இருக்கிறவரோடு. தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தேன். ஒரு நாள் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. "ரெண்டு பசங்களை இறக்குங்க பாய், அரை மணி நேர வேலை" என்றார் முதலாளி மகன்.

சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரில் சல்ஃபைடு இருக்கும். அதோடு ஆசிட் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை இல்லையே என்று ஒருவன் இறங்குவான், அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான். இரண்டு பேரும் போவார்கள். தக்க பாதுகாப்பு இல்லாமல் இப்படிப்பட்ட இடத்தில் ஆளை இறக்கக் கூடாது என்று அப்போதிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் 36-ஆவது பிரிவிலேயே இருந்தது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்?

நான் குரலை உயர்த்தவில்லை. வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டி, "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் வாங்கவில்லை. மறுநாள் உறிஞ்சுகிற லாரி வந்தது. ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருஷம் போனஸிலும் குறைத்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவனுக்குப் போன மாதம் கல்யாணம். முதல் பத்திரிகையை என் வீட்டில்தான் வைத்தான்.

*

பாய், அந்தத் தாளை நீட்டும்போது உங்கள் வீட்டு நிலைமை எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். போனஸை நம்பித்தானே பெருநாள், பள்ளிக்கூடச் செலவு எல்லாம்.

அக்கா இப்போது எப்படி என்று கேட்டவருக்கு: கண்ணாடி போட்டுக்கொண்டு அதே மெஷினில்தான் இருக்கிறார். லைனில் இன்னும் நான் மேடம்தான். வேன் ஏறினால் கண்ணு. டப்பாவை மட்டும் இன்னும் அந்த வேறு பெஞ்சில்தான் திறக்கிறார். நானும் கூப்பிடவில்லை. அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும்.