மறு: திராட்டில் என்பதற்கு ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். திராட்டில் (throttle, வேகத்தைக் கட்டுப்படுத்துவது) என்ற கணினிச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற இந்த இழையில் வந்த இரண்டு கருத்துகளுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> திராட்டில் என்பதற்கு 'நெரித்தல்' என்றே வைத்துவிடலாம். ஆங்கிலச் சொல்லே தொண்டையிலிருந்து பிறந்ததுதானே.

மோல்மேனிலிருந்து இதை எழுதிய ஐயா, சொற்பிறப்பு சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அக்கா மகனுக்குப் பதினாலு வயது. ஆர்கேட் விளையாட்டுகளுக்கான மேம் (MAME) போன்மியை, அதாவது பழைய இயந்திரம் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருளை, என் லேப்டாப்பில் போட்டு வைத்திருக்கிறான். கரண்ட் இல்லாத நேரத்தில் விளையாடி பேட்டரியைத் தீர்க்கிறாயே என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். அவன் நல்ல பிள்ளை, உடனே மேம் அமைப்புக் கோப்பைத் திறந்து, திராட்டில் என்ற வரிக்கு எதிரே இருந்த 1-ஐ 0 ஆக்கிவிட்டான். அவனுக்குத் தெரிந்த திராட்டில், பெகுவில் சித்தப்பா ஓட்டும் மோட்டார் சைக்கிளில் இருப்பது. அதை மூடினால் வண்டி மெதுவாகும், பெட்ரோல் மிச்சமாகும். கணினியிலும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறான்.

நடந்தது நேர்மாறு. மேம் போன்மியில் திராட்டில் என்பது பழைய இயந்திரம் ஓடிய வேகத்துக்கு மேல் போகாதபடி பிடித்து நிறுத்தும் கட்டு. அதை அவிழ்த்துவிட்டால் லேப்டாப்பால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகத்தில் ஓடும். திரையில் பொம்மைகள் கண்ணுக்குப் பிடிபடாமல் பறந்தன. விசிறி இரைந்தது. விசைப்பலகைக்கு மேலே, திரை மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. பத்து நிமிடம் கழித்து விளையாட்டு தானாகவே மந்தமாகி, விட்டு விட்டு ஓட ஆரம்பித்தது. இரண்டரை மணி நேரம் தாங்கும் பேட்டரி ஐம்பதே நிமிடத்தில் காலி.

அந்த மந்தம் எதனால் என்று பார்த்தால், அதற்கும் பெயர் திராட்டில்தான். கணினியின் மூளையான செயலிச் சில்லின் சூடு எல்லையைத் தொட்டதும் (பல லேப்டாப் செயலிகளில் அது 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்) செயலி தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. முதல் திராட்டிலை எடுத்ததால்தான் இரண்டாவது திராட்டில் வந்தது. ஒன்று வேகம் மீறாமல் இருக்க நாம் போடுவது, மற்றது சூடு வந்தபின் இயந்திரத்துக்கு நேர்வது. இரண்டையும் 'நெரித்தல்' என்றால் அந்தப் பிள்ளை அடுத்த முறையும் ஏமாந்துதான் போவான். முதலாவதில் நெரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய இயந்திரம் தன் இயல்பான வேகத்தில், மூச்சு முட்டாமல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

> ஒரே சொல் இருக்கட்டும். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

இதை எழுதிய மாண்டலே தம்பிக்கு: நாம் இருக்கும் ஊரிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. பர்மியத்தில் நெருப்புக்கும் விளக்குக்கும் மின்சாரத்துக்கும் 'மீ' என்ற ஒரே சொல்தான். கரண்ட் வந்ததும் தெருவே 'மீ லாபீ!' என்று கூவும்போது நெருப்பு வந்துவிட்டதோ என்று யாரும் தண்ணீர் வாளியைத் தூக்குவதில்லை. இடம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. திராட்டிலுக்கு அந்த வசதி இல்லை. இரண்டும் ஒரே மடிக்கணினியில், ஒரே பத்து நிமிடத்தில் நடக்கின்றன. இரண்டிலும் வேகம் குறைகிறது. வேறுபாடு, குறைப்பது யார், எதற்காக என்பதில்தான் இருக்கிறது. அதைச் சொல்லத் தமிழில் தன்வினை, பிறவினை என்ற அருமையான வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

என் பரிந்துரை இது. போன்மியில் நாம் வைக்கும் வேகக் கட்டுக்குக் கட்டுநடை. சூடேறிச் செயலி வேகம் குறைவதற்குச் சூட்டொடுக்கம்.

கட்டுநடையில் 'கட்டு' நாம் போடுவது. நடை இருக்கிறது, அதாவது இயந்திரம் நிற்கவில்லை, அளவோடு போகிறது. 'நடை என்றால் எழுத்து நடை நினைவுக்கு வருமே' என்று கேட்கலாம். குதிரை நடை, மாட்டு நடை, தேர் நடை என்றெல்லாம் சொல்கிறோமே, கணினி நடையும் அந்த வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். வினையாகவும் வளையும்: 'போன்மியைக் கட்டுநடையில் விடு', 'கட்டை அவிழ்க்காதே'.

சூட்டொடுக்கத்தில் ஒடுக்கம் என்பது ஒடுங்கு என்ற தன்வினையின் பெயர். அடங்கு – அடக்கம், முடங்கு – முடக்கம் போல. செயலி தானே ஒடுங்குகிறது. முதலில் எனக்குத் 'தளர்நடை' என்றுதான் தோன்றியது, கட்டுநடைக்கு ஜோடியாக அழகாக இருந்தது. ஆனால் தளர்நடை நம் இலக்கியத்தில் நடை பழகும் குழந்தைக்கு உரிய சொல். சலங்கையோடு தத்தித் தத்தி வரும் பிள்ளையைச் சொன்ன சொல்லை, சூட்டில் திணறும் சில்லுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சொற்களில் நான் ஏன் இவ்வளவு நேரம் செலவிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின், இங்கே தமிழ் பெரும்பாலும் கோயில் வளாகங்களில்தான் உயிரோடு இருந்தது. எங்கள் கோயில் வகுப்பின் பாடங்கள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துத் தமிழ் மென்பொருள் ஒன்றில் தட்டச்சானவை. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய குறிமுறை, அந்த மென்பொருளுக்குள் மட்டுமே எழுத்தாகத் தெரிகிறது. டாஸை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் போன்மியில் ஒவ்வொரு பாடமாகத் திறந்து, பார்த்துப் படியெடுத்து வருகிறோம். கரண்ட் முறை வைத்து வரும் ஊரில், ஒரு பேட்டரிக்கு எத்தனை பக்கம் முடிகிறது என்பதே எங்கள் கணக்கு.

அந்த வேலையில் கட்டுநடை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்தேன். டாஸ்பாக்ஸில் சுழற்சி என்று ஓர் எண் உண்டு, ஒரு மில்லிநொடிக்கு எத்தனை கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதைச் சொல்வது. 3000 என்று வைத்தால் நொடிக்கு முப்பது லட்சம். எழுத்துத் தட்டும் ஒரு மென்பொருளுக்கு அது தாராளம். லேப்டாப் அதைச் சட்டென்று முடித்துவிட்டு, மில்லிநொடியின் மீதிப் பொழுதில் ஓய்வெடுக்கிறது. எங்கள் கோப்பில் யாரோ அதை 'அதிகபட்சம்' என்று மாற்றி வைத்திருந்தார்கள். அப்போது, விசை அழுத்துகிறார்களா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லாத டாஸ் மென்பொருள், அந்த ஒரே கேள்வியை முழு வேகத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பக்கத்தை நான் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், விசிறி இரைந்தது. எண்ணைக் குறைத்த பிறகு விசிறிச் சத்தமே கேட்கவில்லை. கண்ட்ரோலோடு எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும்.

ஒரு சிறு கிளைச்சொல்லும் வேண்டியிருக்கிறது. சில போன்மிகள் கட்டுநடையில் இருந்தாலும் ஓய்வெடுப்பதில்லை. திரையில் அடுத்த சட்டத்தை (frame) காட்ட நேரம் வந்துவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே சுற்றுகின்றன. நேரம் துல்லியமாக இருக்க அப்படிச் செய்கிறார்கள், காரணம் நியாயமானது, ஆனால் பேட்டரி போய்விடும். மேல் பர்மாவில் எள் ஆட்டும் மரச்செக்கைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: செக்கில் எள் இல்லை, மாடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெறுஞ்செக்கு என்று சொன்னேன், அக்கா மகனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இதில் வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். முதல் இரண்டில்தான் கொஞ்சம் பிடிவாதம்.

விண்டோஸில் செயலியின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதம் ஆக்குவது பற்றி அக்கா ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலான லேப்டாப்புகளில் அது டர்போ ஏற்றத்தை, அதாவது செயலி தன் வழக்கமான வேகத்துக்கு மேல் போவதை, நிறுத்திவிடும். டர்போவில் வேகத்தோடு மின்னழுத்தமும் ஏறுகிறது. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், கொஞ்ச வேகத்துக்காக நிறையச் சூடு வாங்குகிறோம். பழைய போன்மிகள் பலவற்றுக்கு அந்தக் கடைசிக் கொஞ்சம் தேவையே இல்லை. இதுவும் கட்டுநடைதான், போன்மிக்குப் போடாமல் செயலிக்கே போடுவது. 'செயலிக் கட்டுநடை' என்றால் குழப்பம் வராது.

கோயில் வகுப்புக்கான கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"போன்மி எப்போதும் கட்டுநடையில் இருக்கட்டும். விளையாட்டு திடீரென்று மந்தமானால் அது சூட்டொடுக்கம். கட்டைத் தளர்த்தாதே. லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வை, அடியில் காற்று போக இடம் விடு, ஆறட்டும்."

இதை அக்கா மகனிடம் வாசிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, கேட்காமலே மேம் கோப்பைத் திறந்து 0-வை மறுபடி 1 ஆக்கினான். ஞாயிற்றுக்கிழமை கையேட்டை அச்சுக்குக் கொடுக்கிறோம். அதற்குள் இந்தச் சொற்களில் குறை தெரிந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ரங்கூன்