பயாஸ் அப்டேட் பாதியில் கரண்ட் போனது: செத்தது போர்டா, சிப்பு மட்டுமா?

பாலக்கோடு டிடிபி:

வணக்கம். பாலக்கோட்டில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு சிஸ்டம், இரண்டும் ஒரே மாடல் ஆசஸ் எச்61 மதர்போர்டு, ஐ3-2100 பிராசஸர் போட்டு ஓடிக்கொண்டிருந்தன. பழைய ஐ5-3470 ஒன்று மலிவாகக் கிடைத்ததும் வாங்கிவிட்டேன். அது மூன்றாம் தலைமுறை, என் போர்டில் இருக்கும் பழைய பயாஸுக்கு (ஸ்விட்ச் போட்டதும் கணினியை எழுப்பும் முதல் புரோகிராம்) அது யாரென்றே தெரியாது, ஐ3 இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டுத்தான் பிராசஸரை மாற்ற வேண்டும் என்று படித்து அதன்படியே தொடங்கினேன். பாதி ஓடும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் இருந்தது. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு, பீப் சத்தமே இல்லை. காசு பேட்டரியைக் கழற்றி ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன், ரேமை ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு கடைக்குத் தூக்கிப்போனால், கேஸைத் திறக்காமலேயே "போர்டு போச்சு, வேற வாங்கிக்கோங்க" என்றார்கள். அட்மிஷன் சமயம், வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பம் போடக் காலையிலேயே கூட்டம் வந்துவிடுகிறது, ஒரு சிஸ்டத்தை வைத்துக்கொண்டு முடியவில்லை.

போர்டின் ஓரத்தில் எட்டுக் கால் சிப்பு ஒன்று சாக்கெட்டில் செருகியிருக்கிறது, அதுதானே பயாஸ்? அதை மட்டும் சரிசெய்ய முடியுமா? நன்றாக ஓடும் சிஸ்டத்தின் சிப்பைப் பிடுங்கி இதில் போட்டுப் பார்க்கலாமா?


ஃபிளக்ஸ் வாசனை (கிருஷ்ணகிரி):

தம்பி, சிப்பு சாக்கெட்டில் இருக்கிறது என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. நிறைய போர்டில் ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள், ஹாட் ஏர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கிளிப் மாட்டி மல்லுக்கட்ட வேண்டும்.

காசு பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி தாங்கிப் பிடிப்பது தேதி, பூட் வரிசை மாதிரி நீங்கள் மாற்றி வைத்த செட்டிங்கை மட்டும்தான். பயாஸ் புரோகிராம் இருப்பது அந்த எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில், அது கரண்ட் இல்லாமலே பத்து வருடம் நினைவு வைத்திருக்கும். அப்டேட் என்பது அதைத் துண்டு துண்டாக அழித்து எழுதும் வேலை. நடுவில் நின்றால் பாதி புதுசு, பாதி காலி. பிராசஸர் எழுந்து முதல் கட்டளையைத் தேடும் இடத்தில் குப்பை இருந்தால் அப்படியே நின்றுவிடும், அதனால்தான் பீப் கூட வரவில்லை.

மற்ற சிஸ்டத்தின் சிப்பைப் போட்டுப் பார்க்கும் யோசனை நல்ல யோசனை, அதை முதலில் செய்யுங்கள். போர்டு மாடல் மட்டுமில்லை, ரிவிஷன் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இரண்டு சிஸ்டத்திலும் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, சிப்பின் தலையில் இருக்கும் பிறைக் குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பி எடுங்கள். ஒரே பக்கம் நெம்பினால் கால் வளையும். நல்ல சிப்பில் டிஸ்ப்ளே வந்தால் போர்டு பிழைத்தது, சிப்பில் இருக்கும் தகவல்தான் கெட்டிருக்கிறது.

அப்புறம் சிஎச்341ஏ புரோகிராமர் ஒன்று வாங்குங்கள், சிப்பைத் தனியாகச் செருகிப் படிக்கவும் எழுதவும் உதவும் யுஎஸ்பி கருவி அது, ஆன்லைனில் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது கைக்கு வந்ததும் எல்லாரும் செய்யும் தப்பு, உடனே புதுப் பயாஸை எழுதிவிடுவது. செய்யாதீர்கள். கெட்டுப்போன சிப்பையும் முதலில் படித்து சேமியுங்கள். அந்தப் போர்டின் லேன் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்), சீரியல், யுயுஐடி (போர்டுக்கே உரிய தனி அடையாள எண்) எல்லாம் அதற்குள்தான் இருக்கும், நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும் கோப்பில் அவை இருக்காது. மூன்று தடவை படியுங்கள், மூன்றும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவை வேறு மாதிரி வந்தாலும் தொடர்பு சரியில்லை என்று அர்த்தம், அந்த நிலையில் எழுதினால் குப்பைதான் எழுதும்.

சிப்பின் மேல் 25க்யூ32 என்று இருந்தால் 32 மெகாபிட், அதாவது 4 எம்பி. படித்த கோப்பு 41,94,304 பைட் இருக்க வேண்டும். தளத்திலிருந்து இறக்கிய பயாஸ் அப்டேட் .கேப் கோப்பாக இருந்து, 41,96,352 பைட் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஆசஸ் அந்தக் காலத்து .கேப் கோப்புகளில் முன்னால் 2048 பைட் தலைப்பு ஒன்றை ஒட்டி வைத்திருக்கும், ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டித் திருத்தவிடும் மென்பொருள்) அதை வெட்டிவிட்டு மீதியை எழுத வேண்டும். வெட்டிய பிறகு, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் பதினாறாவது பைட்டில், ஹெக்ஸில் 10 என்ற இடத்தில், 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் இருந்தால் சரியான இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள்.


ஓசூர் நைட் ஷிஃப்ட்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவாக வரும் கருப்பு நிற சிஎச்341ஏ பலவற்றில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. பெரும்பாலான சிப்பு தாங்கிக்கொள்ளும், அதற்காகப் பந்தயம் கட்ட முடியாது. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முறை அளந்துவிடுங்கள். எச்61 காலத்துச் சிப்பு 3.3 வோல்ட், அதுவரை கவலையில்லை. லேப்டாப்பில் 1.8 வோல்ட் சிப்பு வரும், அதற்கு அடாப்டர் இல்லாமல் இந்தப் புரோகிராமரை மாட்டினால் சிப்புக்குச் சங்குதான். நான் ஒன்றைக் கொன்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஒட்டிய சிப்பு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: போர்டில் இருக்கும்போதே கிளிப் மாட்டினால் புரோகிராமரின் 3.3 வோல்ட் சிப்புக்கு மட்டும் போகாது, அதே லைனில் இருக்கும் மற்றதெல்லாம் அதைக் குடிக்கும். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கனெக்டர், காசு பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டும் படிக்கவில்லை என்றால் சிப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.


பழைய பிளாப்பி (தர்மபுரி):

புரோகிராமரே வேண்டாம் என்று சொல்ல வந்தேன். எங்கள் காலத்தில் நல்ல சிப்பைப் போட்டு பூட் செய்து, சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மெல்லப் பிடுங்கிவிட்டு, செத்த சிப்பைச் செருகி, டாஸிலிருந்து ஃபிளாஷ் செய்வோம். பூட் ஆன பிறகு பயாஸ் ரேமுக்கு வந்துவிடும், சிப்பு இல்லாமலும் ஓடும். 1999 ஏப்ரல் 26ஆம் தேதி சிஐஎச் வைரஸ் பயாஸை அழித்தபோது இப்படித்தான் பல போர்டுகளைப் பிழைக்க வைத்தோம். கை நடுங்காமல் இருக்க ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்வது வழக்கம்.


ஃபிளக்ஸ் வாசனை (கிருஷ்ணகிரி):

ஐயா, உங்கள் கைக்கு அது சரி. தம்பியிடம் இருப்பதே ஒரு நல்ல சிப்பு, கரண்ட் ஓடும் போர்டில் ஸ்க்ரூடிரைவர் நழுவினால் இருக்கும் சிஸ்டமும் போய்விடும். நாலு நாள் பொறுத்தால் புரோகிராமர் வந்துவிடும்.

தம்பி, இன்னொன்று. நல்ல சிப்பைப் படித்து அப்படியே கெட்ட சிப்பில் எழுதிவிடலாம் என்று தோன்றும், பூட்டும் ஆகும். ஆனால் இரண்டு சிஸ்டத்துக்கும் ஒரே மேக் வந்துவிடும், ஒரே ரவுட்டரில் இரண்டும் இருந்தால் நெட் விட்டுவிட்டு வரும், ஏன் என்று மாதக்கணக்கில் தேடுவீர்கள்.


பாலக்கோடு டிடிபி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நல்ல சிப்பை மாற்றிப் போட்டதும் டிஸ்ப்ளே வந்தது. கடையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் "என்னப்பா, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். புரோகிராமர் ஐந்தாம் நாள் வந்தது. கெட்ட சிப்பைப் போட்டுப் படித்தால் முழுக்க எஃப்எஃப், அதாவது எதுவும் எழுதாத காலி பைட். மூன்று தடவையும் எஃப்எஃப். மூன்றும் ஒன்றாகத்தானே இருக்கிறது, சிப்பு சுத்தமாக அழிந்துவிட்டது என்று முடிவு செய்து எழுதப் போனேன். அதற்கு முன் ஒரு சந்தேகம், நல்ல சிப்பைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் எஃப்எஃப்!

அப்புறம்தான் புரோகிராமரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தேன். அந்த நெம்புகோல் சாக்கெட்டில் பாதி 24 வரிசை சிப்புக்கு, பாதி என் சிப்பு மாதிரி 25 வரிசைக்கு. நான் 24இல் செருகியிருக்கிறேன். மாற்றிச் செருகியதும் வந்தது, மூன்று தடவையும் ஒரே மாதிரி. கெட்ட சிப்பில் முதல் பகுதி முழுதாக இருந்தது, நடுவிலிருந்து வரிசையாக எஃப்எஃப், கரண்ட் போன இடம் கண்ணால் தெரிந்தது.

.கேப் கோப்பில் அண்ணன் சொன்ன அதே 2048 பைட் கூடுதல் இருந்தது, வெட்டி எழுதி, வெரிஃபை கொடுத்து, போர்டில் செருகினேன். ஐ3, அதற்கப்புறம் ஐ5, இரண்டும் ஏறியது. ஒரே சிக்கல், மேக் முகவரி 88-88-88-88-87-88 என்று காட்டுகிறது, தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் கேட்கிறது. கெட்ட சிப்பிலிருந்து படித்துச் சேமித்த பழைய டம்ப்பில் மேக் பிழைத்திருக்குமா?


ஃபிளக்ஸ் வாசனை (கிருஷ்ணகிரி):

எஃப்எஃப்பும் மூன்று தடவை ஒன்றாக வரும் என்பதைச் சொல்ல மறந்தது என் தப்பு.

எஃப்டி44எடிட்டர் என்று ஒரு சின்ன கருவி இருக்கிறது, அதில் பழைய டம்ப்பைத் திறந்து பாருங்கள். மேக், யுயுஐடி வந்தால் அப்படியே புதுக் கோப்பில் ஏற்றி மறுபடி எழுதுங்கள். அந்தப் பகுதியும் அழிந்திருந்தால் போர்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தேடுங்கள், பன்னிரண்டு எழுத்து இருக்கும், அதைக் கையால் அடித்துக்கொள்ளலாம். யுயுஐடி மட்டும் திரும்ப வராது, சாஃப்ட்வேர்காரர் அதைப் பார்த்து லைசென்ஸ் கொடுத்திருந்தால் அவருக்கு ஒரு போன் போட வேண்டியதுதான்.


பாலக்கோடு டிடிபி:

டம்ப்பிலேயே இருந்தது அண்ணா. ஏற்றிவிட்டேன், லைசென்ஸ் கேட்கவில்லை. நல்ல சிஸ்டத்தின் சிப்பையும் படித்து பென்டிரைவில் போட்டுவிட்டேன். யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி சொல்லியிருக்கிறேன், அது வருகிறவரைக்கும் இரண்டாவது சிஸ்டம் பழைய பயாஸிலேயே இருக்கட்டும்.