பைதான் நிரல்மொழி: லிஸ்டுக்குள் (பட்டியலுக்குள்) லிஸ்ட் இருந்தால் மிகப் பெரிய எண்ணை எப்படி எடுப்பது?

மழைக்குறிப்பு:
அப்பா எங்கள் தோட்டத்தில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதி வருகிறார். ஒரே நாளில் அதிகபட்சமாக எவ்வளவு பெய்தது என்று அவருக்குக் கணக்கிட்டுச் சொல்ல ஆசை. மாதத்துக்கு ஒரு லிஸ்ட், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய லிஸ்ட். சோதனைக்குக் கொஞ்சம் எடுத்தேன்: [[12, 0, 7], [3, 85, 41], [12, 2, 60]]. மிகப் பெரியதைத் தரும் மேக்ஸ் ஃபங்ஷனைக் கேட்டால் 85 வரவில்லை, [12, 2, 60] வருகிறது. பிழைச்செய்தியே இல்லாமல் தவறான விடை வருவதுதான் எனக்குக் கவலை. சில மாதங்கள் [0, [48, 62], 41] என்று இருக்கின்றன. அங்கே டைப்எரர் (வகை பொருந்தாத பிழை) வருகிறது.

வரிசைஎண்:
பைதான் இரண்டு லிஸ்டுகளை அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல ஒப்பிடுகிறது. முதல் எண்ணில் பெரியது சிறியது தெரிந்துவிட்டால் அதோடு நின்றுவிடும். 3 என்று தொடங்கியதால் உங்கள் இரண்டாவது மாதம் அங்கேயே தோற்றது. 85 கண்ணிலேயே படவில்லை. 12-உம் 12-உம் சமம் என்பதால் அடுத்த எண்ணில் 2 வென்றது. ஒவ்வொரு மாதத்துக்கும் மேக்ஸ் எடுத்து, அவற்றுக்குள் மறுபடி மேக்ஸ் எடுங்கள். காலியான மாதம் இருந்தால் வேல்யூஎரர் என்ற பிழை வரும், அதை முன்பே விலக்கிவிடுங்கள். எந்த மாதம் என்றும் தெரிய வேண்டுமானால், வெளி மேக்ஸுக்குக் கீ ஆக (எதை வைத்து ஒப்பிடுவது என்பதற்கு) மேக்ஸையே கொடுங்கள். அந்த மாதத்தின் லிஸ்ட் முழுதாகக் கிடைக்கும்.

சுழல்படி:
லிஸ்டுக்குள் லிஸ்ட் போகும் ஆழம் சீராக இல்லாததால் ரிகர்ஷன் (தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்) எழுதுங்கள். உறுப்பு லிஸ்டா என்று இஸ்இன்ஸ்டன்ஸ் கொண்டு பாருங்கள். லிஸ்ட் என்றால் ஃபங்ஷன் தன்னையே அழைக்கட்டும், எண் என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும். வழக்கமான ரிகர்ஷன் வரம்பு 1000. மழைக்கணக்கு அதன் அருகில்கூடப் போகாது.

வரிசைஎண்:
ஒரு நிமிடம். ஒரே நாளுக்கு ஏன் இரண்டு எண்கள்?

மழைக்குறிப்பு:
அடைமழை நாட்களில் பாட்டில் நிரம்பிவிடும் என்று அப்பா இரவிலேயே ஒருமுறை அளந்து கொட்டிவிடுவார். மீதியைக் காலையில் அளப்பார்.

வரிசைஎண்:
அப்படியானால் ரிகர்ஷன் வேண்டாம் என்பேன். அது எல்லா அடுக்குகளையும் ஒன்றுபோல நடத்தி, 48, 62 இரண்டையும் தனித்தனி மழையாக எடுத்துக்கொள்ளும். விடை 85 என்று வரும். அன்று பெய்தது 110 மில்லிமீட்டர். வெளி அடுக்கு மாதம், உள் அடுக்கு ஒரே நாளின் துண்டுகள். இரண்டுக்கும் பொருள் வேறு. உங்கள் அப்பா நள்ளிரவில் நனைந்து எடுத்த அளவு அது, வீணாகக் கூடாது. முதலில் நாளுக்குள் இருக்கும் லிஸ்டைச் சம் கொண்டு கூட்டுங்கள், பிறகு மேக்ஸ்.

மழைக்குறிப்பு:
கூட்டிப் பார்த்தேன், 110 வருகிறது. மிக்க நன்றி! அளக்காமல் விட்ட நாட்களுக்கு நேன் (NaN, 'எண் அல்ல' என்ற மதிப்பு) போடலாமா?

வரிசைஎண்:
வேண்டாம். நேனோடு செய்யும் பெரியதா சிறியதா என்ற ஒப்பீடு எப்போதும் பொய் என்றே வரும். அது லிஸ்டின் முதலில் இருந்தால் மேக்ஸ் நேனையே தரும், நடுவில் இருந்தால் தராது. அந்த நாட்களுக்கு நன் (None, 'மதிப்பு இல்லை' என்பதற்கான பைதான் சொல்) போட்டு, மேக்ஸுக்கு அனுப்பும் முன் வடிகட்டிவிடுங்கள். 0 மட்டும் போடாதீர்கள். பின்னால் மழையில்லா நாட்களை எண்ணும்போது கணக்கு கெடும்.