அடிப்படைச் சம்பளம் கூடியது, கைக்கு வந்த காசு குறைந்தது: இது முறைதானா?

கேள்வி (எழுதியவர்: ஒட்டுசுட்டான் தையல்காரி)

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலையில் நான்கரை வருடங்களாகத் தையல் இயந்திரத்தில் வேலை செய்கிறேன். கடந்த டிசம்பர் வரை எனக்கு அடிப்படைச் சம்பளம் 27,000 ரூபாவும், லீவு எடுக்காமல் வேலைக்கு வருவதற்கான வரவுக் கொடுப்பனவு 5,000 ரூபாவும் தந்தார்கள். 2026 ஜனவரியில் சட்டப்படி ஆகக்குறைந்த சம்பளம் 30,000 ரூபாவானதும் அடிப்படையை 30,000 ஆக்கிய நிர்வாகம், அதே மாதம் வரவுக் கொடுப்பனவை 2,000 ரூபாவாகக் குறைத்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் அதே 32,000 தான். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அடிப்படையில் 8 வீதம் வெட்டிய பிறகு முன்பு 29,840 ரூபா கைக்கு வந்தது. இப்போது 29,600 வருகிறது. சம்பளம் கூடியதாக அறிவித்து எங்களுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தார்கள், அதுவும் சீனி குறைந்த கேக். இதைக் கேள்வி கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? அல்லது வேறு வேலை பார்ப்பதுதான் நல்லதா?

பதில் 1 (முன்னாள் சம்பளப் பிரிவு எழுதுநர், வவுனியா)

தங்கச்சி, உங்கள் கணக்குச் சரிதான். ஆனால் அது முழுக் கணக்கு அல்ல. கைக்கு 240 ரூபா குறைந்தது உண்மை. அந்த 240 ரூபா உங்கள் சேமலாப நிதிக் கணக்குக்கே போகிறது. அதோடு நிறுவனம் தன் பங்காகக் கட்ட வேண்டிய 12 வீதம் 3,240 இலிருந்து 3,600 ஆகவும், அது தனியாகக் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதம் 810 இலிருந்து 900 ஆகவும் கூடியிருக்க வேண்டும். ஆக, உங்கள் பெயரில் மாதம் 690 ரூபா கூடுதலாகச் சேர வேண்டும். சேருகிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். மேலதிக நேரச் சம்பளமும் அடிப்படையை வைத்தே கணக்கிடப்படுவதால், அதுவும் கூடாவிட்டால் அங்கே ஒரு பிழை இருக்கிறது.

இப்படிச் சொல்வதால் நான் நிர்வாகத்துக்காகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். சட்டம் கூட்டிய 3,000 ரூபாவை வேறு பெயரில் திருப்பி எடுத்திருக்கிறார்கள், அது எனக்கு நியாயமாகப் படவில்லை. வரவுக் கொடுப்பனவு 5,000 என்று உங்கள் நியமனக் கடிதத்தில் நிபந்தனையின்றி எழுதியிருந்தால், உங்கள் சம்மதமில்லாமல் குறைத்ததைத் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். கடிதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

பதில் 2 (வட்டக்கச்சி அக்கா)

வேலையை விடுவது பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். நான் நான்கு வருடமும் பத்து மாதமும் வேலை செய்து, மேற்பார்வையாளரோடு கோபித்துக்கொண்டு விலகினேன். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தால்தான் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும் என்பது விலகிய பிறகே தெரிந்தது. இப்போதைய உங்கள் அடிப்படையில் ஐந்து வருடத்துக்கு அது 75,000 ரூபா. என்னோடு சேர்ந்த பிள்ளை, என்னைவிட அதிகம் திட்டு வாங்கியவள், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து அந்தக் காசில் கிணறு கட்டினாள்.

இன்னொன்று. 2009 இல் இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பெயரும் இலக்கமும் இப்போதைய அட்டையில் உள்ளவையும் ஒன்றுதானா என்று பாருங்கள். என் பெயரில் ஓர் எழுத்து மாறி இருந்ததால், சேமலாப நிதி எடுக்கும்போது கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைந்து தீர்த்தேன். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது இலேசு.

கேட்டவரின் மறுமொழி

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. நேற்றிரவு கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வரவுக் கொடுப்பனவு முகாமைத்துவத்தின் தீர்மானப்படி அவ்வப்போது மாற்றப்படலாம் என்று இருக்கிறதாம், அதன் கீழே என் கையொப்பமும் இருக்கிறது. அன்று அதை யாரும் விளங்கப்படுத்தவில்லை. தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேட்கலாமென்றால், வார நாளில் ஒரு நாள் லீவு எடுத்தவுடன் மிச்சமுள்ள 2,000 ரூபாவும் போய்விடும்.

பதில் 3 (முன்னாள் சம்பளப் பிரிவு எழுதுநர், வவுனியா)

அந்த வசனம் இருந்தால் கொடுப்பனவு பற்றிய முறைப்பாடு வலுவிழக்கும், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நிதிப் பங்களிப்பு சட்டத்தின் கட்டாயம், எந்தக் கடிதமும் அதை மாற்ற முடியாது. போக வேண்டியதில்லை, ஜனவரி, பெப்ரவரிச் சம்பளச் சீட்டுகளின் பிரதியோடு உங்கள் லைனில் உள்ள ஐந்தாறு பேர் சேர்ந்து கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் முறைப்பாட்டை அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.