குலுக்கல் பெட்டி எல்லா எண்ணுக்கும் சமமாக நடக்கிறதா? உங்கள் அனுபவம் என்ன?

பாயான் லெப்பாஸ், பினாங்கு

எங்கள் குடியிருப்பில் தீபாவளி ஒன்றுகூடல் என்றால் அதிர்ஷ்டக் குலுக்கல் கட்டாயம் உண்டு. ரைஸ் குக்கர், காற்றாடி, ஹேம்பர் என்று பரிசுகள் இருக்கும். 200 சீட்டு விற்போம். முன்பெல்லாம் ஒரு பிள்ளையை அழைத்துப் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்புறம், பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் எண்கள் ஓடி நிற்கும் மின்னணுப் பெட்டி ஒன்றை வாங்கினார்கள். அது வந்ததிலிருந்து முணுமுணுப்பும் தொடங்கியது: சின்ன நம்பர் சீட்டுகளுக்கே பரிசு விழுகிறதாம். சின்ன நம்பர்களை முதலில் வாங்குவது செயற்குழுவினர் வீட்டார்தான். பணம் வசூலிக்கும் பெரியவரிடம் ஒருவர், "என்ன அங்கிள், உங்க பக்கமே விழுது?" என்று நேராகக் கேட்டுவிட்டார். அவர் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. மின்னணுச் சில்லுகளைச் (சிப்) சோதிப்பதுதான் என் வேலை என்பதால் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்து இருபது தடவை அழுத்திப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. திரைக்குப் போகும் வயரை லேப்டாப்போடு இணைத்து, பொத்தான் தானாகவே அழுந்தும்படி செய்து, இரவு முழுக்க ஓடவிட்டு 20,000 எண்களைச் சேர்த்தேன். சமமாக விழுந்தால் ஒவ்வொரு எண்ணும் 100 தடவை அளவில் வர வேண்டும். பத்து கூடலாம், குறையலாம். இருபது விலகுவதும் 200-இல் பத்து எண்கள் அளவுக்கு நடக்கும். ஆனால் இங்கே 1 முதல் 56 வரை எல்லாமே 156-ஐ ஒட்டி நின்றன. 57-லிருந்து சட்டென்று இறங்கி 78-ஐச் சுற்றியே கடைசிவரை போயின.

கார்ல் பியர்சன் 1900-ல் தந்த கை-ஸ்கொயர் சோதனையையும் போட்டேன். வந்த எண்ணிக்கைக்கும் வரவேண்டிய எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, வரவேண்டியதால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 200 எண்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை 199-க்குப் பக்கத்தில் இருப்பது இயல்பு. 240-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். இந்தப் பெட்டிக்கு அது 2,000-ஐத் தாண்டியது.

காரணம் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. உள்ளே இருப்பது 8 பிட் சில்லு. அது தருவது 0 முதல் 255 வரை 256 எண்கள். அதை 200-ஆல் வகுத்து மீதியை எடுத்து, ஒன்றைக் கூட்டிக் காட்டுகிறார்கள். 200 முதல் 255 வரை வருபவை மறுபடி 0 முதல் 55 ஆகிவிடுகின்றன. ஆகவே முதல் 56 சீட்டுகளுக்கு இரண்டு வழி, மற்றவற்றுக்கு ஒரே வழி. நூற்றுக்கு 28 பங்காக இருக்கும் சீட்டுகளுக்குப் போவது நூற்றுக்கு 44 பங்கு வாய்ப்பு! தீர்வு ஒரே வரிதான்: 200 அல்லது அதற்கு மேல் வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடு. திருத்திய பிறகு அதே சோதனையை ஓட்டினேன். கூட்டுத்தொகை 200-ஐ ஒட்டி வந்தது. இரண்டு வரைபடங்களையும் பெரிதாக அச்சடித்து மண்டபத்தில் ஒட்டி, அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்றே எல்லாருக்கும் விளக்கினேன். அது அவருக்குச் சேர வேண்டிய நியாயம்.

செந்தூல், கோலாலம்பூர்

நல்ல வேலை செய்தீர்கள், அண்ணா. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இதன் மறுபக்கத்தை அடிக்கடி பார்ப்பவள். பகடையை 600 தடவை உருட்டி எழுதி வரச் சொன்னால் ஒரு மாணவர் 100, 101, 99, 100, 99, 101 என்று கொண்டு வருவார். கை-ஸ்கொயர் 0.04. ஆறு முகப் பகடைக்கு அது 5-ஐ ஒட்டி வர வேண்டும், 0.55-க்குக் கீழே வருவதே நூற்றில் ஒரு தடவைதான். இவ்வளவு சமம் என்றால் உருட்டாமல் எழுதியது என்று அர்த்தம். அதனால் கூட்டுத்தொகை மிகப் பெரிதா என்று மட்டுமல்ல, மிகச் சிறிதா என்றும் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாகவே சுற்றும் கருவிக்குக் கை-ஸ்கொயர் சுத்தமான பூஜ்யம். எண்ணிக்கை சமம், ஆனால் அடுத்தது என்ன என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். 1960-களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாக ஓடிய ராண்டு (RANDU) என்ற, குலுக்கல் எண்களை உருவாக்கும் நிரல் இப்படித்தான் மாட்டியது. எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பரவல் ஒழுங்காகத் தெரியும். மூன்று மூன்றாகச் சேர்த்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால் எல்லாம் 15 தளங்களில் மட்டுமே போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பெட்டியிலும் அடுத்தடுத்து வரும் ஜோடிகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். 200 எண்ணுக்கு 40,000 ஜோடி வரும், 20,000 எண் போதாது. சீட்டுகளைப் பத்துப் பத்தாக 20 கட்டாகப் பிரித்தால் 400 ஜோடிதான், அதற்குப் போதும்.

பட்டர்வொர்த்

எங்கள் மாமா நாலு நம்பர் (நான்கு இலக்க லாட்டரி) முடிவுகளை நோட்டில் எழுதி வைப்பவர். "7 சூடா இருக்கு" என்று போன மாதம் முழுக்க அதையே கட்டினார். மேலே இருப்பதைப் படித்துவிட்டு அவரோடு உட்கார்ந்து எண்ணினேன். ஒரு குலுக்கலுக்கு முதல் மூன்று பரிசு, சிறப்புப் பரிசு பத்து, ஆறுதல் பரிசு பத்து, ஆக 23 எண்கள், 92 இலக்கங்கள். புதன், சனி, ஞாயிறு என்று நான்கு வாரத்துக்கு 1,104 இலக்கங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் 110 வர வேண்டும். 90-லிருந்து 130 வரை எதுவும் சாதாரணம். மாமாவின் 7 அதற்குள்ளேதான் இருந்தது. பத்து இலக்கங்களில் ஏதோ ஒன்று எப்போதும் முன்னால் நிற்கத்தானே செய்யும்?

7 உண்மையிலேயே நூற்றுக்கு 10-க்குப் பதில் 11 தடவை விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதை நம்பிக்கையோடு சொல்லச் சுமார் 8,000 இலக்கங்கள் வேண்டும். ஏறக்குறைய ஏழு மாத முடிவுகள். அதுவரை எழுதிக்கொண்டே வாருங்கள் மாமா, ஆனால் 7-ஐ நம்பிக் காசு கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றிருக்கிறார்.