உதவி: பேட்டரி முழுதாக இருந்தும் ஃபிரிட்ஜைச் செருகினால் இன்வெர்ட்டர் அணைகிறது

வெயில்வண்டி:
அவசரம். கரண்ட் போகும்போது உதவட்டும் என்று தள்ளுவண்டியில் சோலார் பேட்டரி செட் கட்டியிருக்கிறேன். பகலில் வெயிலுக்குத் தள்ளிப்போய் சார்ஜ் ஏற்றி, கரண்ட் போனதும் வீட்டுக்குள் இழுத்துக்கொள்வேன். விளக்கு, மின்விசிறி எல்லாம் மணிக்கணக்கில் ஓடுகின்றன. ஃபிரிட்ஜைச் செருகினால் மட்டும் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. இன்வெர்ட்டரை மாற்றணுமா? உள்ளே அம்மாவின் மருந்து இருக்கிறது.

கம்பிச்சுருள்:
எத்தனை வாட் இன்வெர்ட்டர்? பேட்டரி ஈயமா, லித்தியமா? எத்தனை ஆம்பியர்-மணி? அதுவரை ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும்.

நீலவானம்:
சைன் வேவ் (வீட்டு கரண்ட் போலச் சீரான அலை) இல்லாத இன்வெர்ட்டராகத்தான் இருக்கும். கம்ப்ரஸர் மோட்டாருக்கு அது ஆகாது. மாற்றிவிடுங்கள்.

மூத்தவயர்மேன்:
தம்பி, "முழுதாக இருக்கிறது" என்பது ஓர் அளவே இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? இந்தக் கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியாயிற்று. முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வண்டி கட்டியிருக்கணும்.

வெயில்வண்டி:
மன்னிக்கவும் அண்ணா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். லித்தியம் அயன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. 1000 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர், 200 வாட் பேனல். ஃபிரிட்ஜ் 150 வாட். பேட்டரி முனையில் 13.3 வோல்ட் இருக்கிறது.

நீலவானம்:
அப்படியென்றால் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) கட் பண்ணுகிறது.

கம்பிச்சுருள்:
பி.எம்.எஸ் கட் பண்ணினால் இன்வெர்ட்டர் கத்தக்கூட நேரம் இருக்காது, சட்டென்று செத்துவிடும். கத்துகிறதென்றால் வோல்டேஜ் குறைகிறது என்று அதுவே சொல்கிறது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு என்ன வயர், எவ்வளவு நீளம்?

வெயில்வண்டி:
பேனலுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த 4 சதுர மி.மீ வயர். இன்வெர்ட்டரை மேசைமேல் வைக்க வசதியாக இரண்டரை மீட்டர் விட்டிருக்கிறேன்.

கம்பிச்சுருள்:
பிரச்சினை அங்கேதான். 150 வாட் என்பது ஃபிரிட்ஜ் ஓடும்போது. கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 12 வோல்ட் பக்கம் அது 70 ஆம்பியர் வரும். உங்கள் வயருக்கு மீட்டருக்கு சுமார் 5 மில்லிஓம், போகவர 5 மீட்டர், ஆக 25 மில்லிஓம். 70 ஆம்பியருக்கு ஒன்றே முக்கால் வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. பேட்டரியும் அந்தக் கணம் கொஞ்சம் இறங்கும். வயர் முனையில் மாட்டும் உலோக லக்கைச் சரியாக நெரிக்காமல் இருந்தால் அந்த இழப்பும் சேரும். மீட்டரை இன்வெர்ட்டர் முனையில் வைத்து, ஃபிரிட்ஜ் கிளம்பும்போது பாருங்கள். ஒரு முறை முயன்ற பிறகு லக்கைத் தொடாமல் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும்.

35 சதுர மி.மீ வயர், அரை மீட்டருக்குள், பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே 125 ஆம்பியர் ஃபியூஸ். இன்வெர்ட்டர் வண்டியிலேயே இருக்கட்டும், நீட்ட வேண்டியது ஃபிரிட்ஜ் பக்க வயரை.

மூத்தவயர்மேன்:
லக்கில் ஈயப்பற்று வைத்துவிடு தம்பி. நெரிப்பதை மட்டும் நம்பாதே.

கம்பிச்சுருள்:
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இது நகரும் வண்டி. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்க வைக்கும், ஆட்டத்தில் அந்த விளிம்பில்தான் இழைகள் ஒடியும். முனை சூடானால் ஈயமும் இளகும்.

மூத்தவயர்மேன்:
இருபது வருடமாகப் பற்று வைக்கிறேன், ஒன்றும் கழன்றதில்லை.

கம்பிச்சுருள்:
சுவரில் நிலையாக நிற்பதற்குச் சரி. வண்டிக்கு ஹைட்ராலிக் நெரிப்புதான்.

நீலவானம்:
இடையில் ஒன்று: 1280 வாட்-மணி பேட்டரி ஃபிரிட்ஜுக்கு ஒரு நாள் வந்தாலே அதிகம். மேகமூட்டத்தில் 200 வாட் பேனலை நம்ப முடியாது. அப்புறம், இன்வெர்ட்டர் வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்க ஓட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அது வெளி லைனுக்கு ஏறினால் கம்பத்தில் வேலை செய்பவர் உயிர் போகும்.

வெயில்வண்டி:
இன்வெர்ட்டர் முனையில் 10.4 வோல்ட் வரை இறங்கியது. லக்கை லேசாக இழுத்தேன், வயர் கையோடு வந்துவிட்டது. குறட்டால் நெரித்திருந்தேன், உள்ளே இழைகள் கறுத்திருந்தன. 35 சதுர மி.மீ வயர் போட்டாயிற்று. கிளம்பும்போது 12.6. ஃபிரிட்ஜ் ஓடுகிறது. நன்றி அண்ணா.

கம்பிச்சுருள்:
மகிழ்ச்சி. ஃபியூஸ் போட்டீர்களா?

கம்பிச்சுருள்:
மூன்று நாளாகிறது, இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். ஃபியூஸ் இல்லாமல் அந்த வயர் எங்காவது உரசினால் வண்டியே எரியும்.