96 ரோல் அளந்தேன், சார்ட்டில் 31 புள்ளிதான் தெரிகிறது. மீதி எங்கே?

பனியன்ஊர்க்காரன் (கேள்வி)

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறேன். துணி ரோலில் இருந்து வட்டக் கட்டரால் ஒரு துண்டு வெட்டித் தராசில் வைப்பேன். கட்டர் வெட்டுவது 100 சதுர சென்டிமீட்டர் என்பதால், கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில், வந்துவிடும். 1.80 கிராம் என்றால் 180. எங்களுக்கு வேண்டியதும் அந்த 180தான். 5 சதவீதம் முன்பின் இருக்கலாம், அதாவது 171 முதல் 189 வரை பாஸ்.

போன மாதம் பையர் பக்கத்தில் இருந்து ஒரு புகார். ஒரே பெட்டியில் ஒரு டி-ஷர்ட் கனமாகவும் இன்னொன்று லேசாகவும் இருக்கிறதாம். 4 மெஷின், பகல் இரவு என்று 2 ஷிப்ட், ஷிப்டுக்கு ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ரோல் என 12 நாள் எடுத்து வைத்திருந்த 96 ரீடிங்கையும் எக்செல்லில் போட்டு, மெஷின் வாரியாகச் சராசரி எடுத்து பார் சார்ட் போட்டேன். 180, 181, 180, 179. நான்கு கம்பமும் அண்ணன் தம்பி போல ஒரே உயரம். முதலாளி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு ரோலையும் ஒரு புள்ளியாக வைத்தேன். கீழே மெஷின் நம்பர், பக்கவாட்டில் ஜி.எஸ்.எம். 3ஆம் மெஷினில் ஏதோ வித்தியாசமாக இருப்பது தெரிகிறது. ஆனால் 96 புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிப் பார்த்தால் 31தான் இருக்கிறது. அந்த மெஷினில் வெறும் ஆறு. "என்னப்பா, 12 நாள்ல ஆறே ரோல்தான் ஓடுச்சா?" என்று கேட்டார் முதலாளி. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்துவிட்டார்.

ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த புள்ளிகளை எப்படிக் காட்டுவது? இந்த மாதிரி சார்ட்டுக்குப் பேர் என்ன? ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செல் மட்டும்தான் உண்டு. அதை இன்ஸ்டால் பண்ணு, இதை இன்ஸ்டால் பண்ணு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

புள்ளிக்கோலம்

தம்பி, நீங்கள் போட்டதற்குப் பேர் ஸ்ட்ரிப் பிளாட். ஒரு குழுவுக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டின் மேல் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் காணாமல் போனது உங்கள் தப்பில்லை, தராசின் குணம். இரண்டு தசமம் காட்டும் தராசு, அதை நூறால் பெருக்கினால் முழு எண்தான் வரும். 173, 174 உண்டு, 173.4 கிடையாது. ஆறு ரோல் 173 என்றால் ஆறும் ஒரே இடத்தில்தான் உட்காரும்.

நான் கல்லூரியில் புள்ளியியல் எடுத்த காலத்தில் இதற்கு ஐரிஸ் பூக்களைத்தான் காட்டுவேன். புள்ளியியலாளர் ஃபிஷர் 1936இல் தன் கட்டுரையில் பயன்படுத்திய அளவுகள் அவை. அதில் செடோசா வகைப் பூக்கள் 50. இதழ் நீளத்தை மட்டும் எடுத்து ஒரே கோட்டில் வைத்தால் தெரிவது 9 புள்ளி. காரணம் இதேதான், 0.1 சென்டிமீட்டருக்குச் சுருக்கி எழுதிய அளவுகள். 1.4இல் 13 பூ, 1.5இல் 13 பூ. பாதிக்கு மேற்பட்ட பூக்கள் இரண்டே புள்ளிக்குள் ஒளிந்திருக்கும். பிள்ளைகளை எண்ணச் சொன்னால் ஒன்பது என்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

எளிய வழி, புள்ளிகளைப் பக்கவாட்டில் லேசாகக் கலைத்துவிடுவது. ஜிட்டர் என்பார்கள். எக்செல்லில் ஒரு புதுக் காலம் (நெடுவரிசை) போடுங்கள். ராண்ட் ஃபார்முலா 0க்கும் 1க்கும் நடுவில் ஏதோ ஒரு எண் தரும். அதில் 0.5 கழித்து, 0.3ஆல் பெருக்கி, மெஷின் நம்பரோடு கூட்டுங்கள். 3ஆம் மெஷினின் புள்ளிகள் 2.85க்கும் 3.15க்கும் நடுவில் சிதறும். அந்தக் காலத்தைக் கிடைமட்ட அச்சாக வைத்து ஸ்கேட்டர் சார்ட் போடுங்கள். வட்டத்துக்குள் நிறம் வேண்டாம், வெறும் கோடு போதும். அப்போதுதான் இரண்டு உரசிக்கொண்டாலும் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. ராண்ட் சும்மா இருக்காது, ஷீட்டில் எதைத் தொட்டாலும் புது எண் போடும், புள்ளிகள் குதிக்கும். முதலாளி முன்னால் அது நடந்தால் கதை முடிந்தது. காலத்தை காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, கலைப்பது பக்கவாட்டில் மட்டும். ஜி.எஸ்.எம். அச்சில் ஒரு நூல்கூட அசைக்கக் கூடாது. அங்கே அசைத்தால் நீங்கள் அளக்காத அளவைக் காட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

ஆர்_ஆசாமி

சார் சொன்னது சரி. ஆனால் இந்த டேட்டாவுக்கு நான் ஜிட்டர் போட மாட்டேன். 3ஆம் மெஷின் புள்ளி ஏன் கொஞ்சம் இடதுபக்கம் போயிருக்கிறது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சும்மாதான் என்று பதில் சொல்ல வேண்டும். பழகாதவர்களுக்குக் காட்டும் சார்ட்டில் சும்மா நகர்ந்த புள்ளி இருக்கக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு புள்ளி தற்செயலாக ஒரே இடத்தில் விழுந்து, மறுபடியும் எண்ணிக்கை குறையவும் வாய்ப்பு உண்டு.

அளவுகள் முழு எண்ணாக இருக்கும்போது அடுக்குவதுதான் அழகு. ஒரே அளவு மறுபடி வந்தால் முந்தின புள்ளிக்குப் பக்கத்தில் வை. அதுதான் டாட் பிளாட். புள்ளியியலாளர் லேலண்ட் வில்கின்சன் 1999இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். நான் ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் வேலை செய்பவன். அங்கே ஸ்ட்ரிப்சார்ட்டில் மெத்தட் என்ற இடத்தில் ஸ்டாக் என்று கொடுத்தால் தானாக அடுக்கிவிடும். உங்களுக்கு எக்செல்லிலேயே முடியும்.

ஏ காலத்தில் மெஷின், பி காலத்தில் ஜி.எஸ்.எம். இருக்கட்டும். சி காலத்தில் கவுண்ட்இஃப்ஸ் போட்டு, இதே மெஷினில் இதே அளவு இந்த வரி வரைக்கும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ண வைக்கவும். ரேஞ்சின் முதல் வரிக்கு டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள், கடைசி வரி கூடவே இறங்கி வர வேண்டும். முதல் 173க்கு 1, இரண்டாவது 173க்கு 2, இப்படி வரும். அதில் ஒன்றைக் கழித்து 0.05ஆல் பெருக்கி மெஷின் நம்பரோடு கூட்டினால் கிடைமட்ட இடம் கிடைத்துவிடும். ஆறு புள்ளி அடுக்கினாலும் 0.25 அகலம்தான் போகும், அடுத்த மெஷினை இடிக்காது. ராண்ட் இல்லை, குதிக்கிற பிரச்சினையும் இல்லை.

ஒரு விஷயம், வலையில் தேடும்போது குழம்ப வேண்டாம். வில்லியம் கிளீவ்லாண்ட் பேரில் இன்னொரு டாட் பிளாட் இருக்கிறது. அது ஒரு பேருக்கு ஒரே ஒரு புள்ளி வைப்பது, பார் சார்ட்டுக்கு மாற்று. அதைப் போட்டால் உங்கள் நான்கு சராசரியும் நான்கு புள்ளியாக வந்து நிற்கும், கம்பம் போய் பொட்டு வந்த கதைதான்.

அப்புறம், புள்ளிக்கு ஷிப்ட் வாரியாக நிறம் கொடுத்துப் பாருங்கள். பகல் ஒரு நிறம், இரவு ஒரு நிறம்.

கட்டம்

இவ்வளவு பாடு எதற்கு? நடுப் பாதி அளவுகளை ஒரு பெட்டியாகவும் இடைநிலையை ஒரு கோடாகவும் காட்டும் பாக்ஸ் பிளாட் போட்டால் போதாதா? புது எக்செல்லில் அது இருக்கிறதே.

ஆர்_ஆசாமி

96 ரோலுக்குப் பெட்டி கட்டுவானேன்! பத்தாயிரம் ரீடிங் இருந்தால் நானே பெட்டிக்குப் போவேன், அங்கே புள்ளி வைத்தால் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். பனியன்ஊர்க்காரரே, 3ஆம் மெஷினின் அந்த ஆறு புள்ளி எந்தெந்த அளவில் இருக்கிறது?

பனியன்ஊர்க்காரன்

172, 173, 174. அப்புறம் நேராக 186, 187, 188.

ஆர்_ஆசாமி

கட்டம், பார்த்தீர்களா? இரண்டு கூட்டத்திலும் பாதிப் பாதி ரோல் என்று வையுங்கள். பெட்டி ஏறக்குறைய 173இல் தொடங்கி 187இல் முடியும். இடைநிலைக் கோடு சரியாக 180இல் விழும், அந்த மெஷினில் ஒரு ரோல்கூட இல்லாத இடத்தில். பெட்டியைப் பார்ப்பவர் பெரும்பாலான துணி நடுவில் இருக்கிறது என்றுதான் நினைப்பார். சராசரி சொன்ன அதே பொய்யைப் பெட்டியும் கொஞ்சம் அகலமாகச் சொல்லும்.

பனியன்ஊர்க்காரன்

எல்லோருக்கும் நன்றிங்க. முதலில் சார் சொன்னபடி ஜிட்டர் போட்டேன். வேல்யூஸாக ஒட்ட மறந்து, அவர் பயந்தபடியே முதலாளி முன்னால் குதித்தது. அடுத்த நாள் கவுண்ட்இஃப்ஸ் வழியில் அடுக்கினேன். அது அசையவில்லை.

3ஆம் மெஷினில் இப்போது 24 புள்ளியும் தெரிகிறது. கீழே 3, 6, 3 என்று ஒரு சின்னக் கூட்டம், மேலே அதேபோல 3, 6, 3. நடுவில் வெறிச்சோடிக் கிடக்கிறது. மற்ற மூன்று மெஷினும் நடுவில் குண்டாக, ஓரத்தில் ஒல்லியாக, ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. முதலாளி பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு 24 வரை எண்ணினார். எண்ணி முடித்ததும்தான் பேசினார்.

நிறம் கொடுத்தபோது கீழ்க் கூட்டத்தில் 11 புள்ளி இரவு, ஒன்று பகல். மேலே 11 பகல், ஒன்று இரவு. அந்த இரண்டு புள்ளி மட்டும் ஏன் இடம் மாறி நிற்கிறது என்று மண்டையைக் குடைந்தது. தேதியைப் பார்த்தால் இரண்டும் ஒரே தேதி. பதிவேட்டைப் புரட்டினேன். அன்று மெஷினைச் சரிசெய்யும் பகல் ஃபிட்டரும் இரவு ஃபிட்டரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதாவது விஷயம் ஷிப்டில் இல்லை, ஆளில் இருக்கிறது.

கூப்பிட்டுக் கேட்டதில் இரண்டு பேரும் மறைக்கவில்லை. இரவு ஃபிட்டர், துணியில் ஓட்டை விழுகிறது என்று நூல் ஊட்டும் புல்லியைத் திருப்பி லூப்பை (பின்னல் கண்ணியை) கொஞ்சம் நீட்டிவிடுவாராம், அதனால் துணி லேசாகும். காலையில் வருபவர் எடை இறங்கிவிடுகிறதே என்று திரும்ப இறுக்கிவிடுவாராம். அவர் கை கொஞ்சம் அதிகம். இருவரும் 180க்காகத்தான் பாடுபட்டிருக்கிறார்கள்! 171க்கும் 189க்கும் உள்ளேயே இருந்ததால் நானும் ஒவ்வொரு ரோலுக்கும் பாஸ் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஓட்டை விழுந்ததற்குக் காரணம் சில ஊசிகள். மாற்றியாயிற்று. லூப் லெங்த்தை ஒரு சீட்டில் எழுதி மெஷினில் ஒட்டியிருக்கிறோம், கையெழுத்துப் போடாமல் புல்லியைத் தொடக் கூடாது. ஆறு நாள் ஆகிறது. 3ஆம் மெஷினில் இதுவரை 12 புள்ளி, எல்லாம் 178க்கும் 182க்கும் நடுவில். சார்ட்டை தினமும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. கலர் பிரிண்டருக்கு இங்க் மட்டும் நானே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.